கை உள்ளே போகுது, தம்பி

டைவர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் மேலே படகில் இருக்கும் எங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் அவருடைய மூச்சு மட்டும்தான். ஸ்பீக்கரில் ஒரு இழுப்பு, அப்புறம் குமிழிகள் பொங்கும் சத்தம், மறுபடி இழுப்பு. கொஞ்ச நேரத்தில் காது அதற்குப் பழகிவிடும். அன்றைக்கு அந்தச் சத்தம் நடுவில் நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“தம்பி, கை உள்ளே போகுது.”

“எங்கேண்ணா?”

“பைல் கேப்புக்கு அடியில. தோள் வரைக்கும் போயிடுச்சு. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை.”

என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. அதே பாலம், அதே தூண். பைல் கேப் என்பது தரைக்குள் இறக்கிய பைல்கள் என்னும் கம்பங்களின் தலையைச் சேர்த்து, மேலே தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டை. மூன்று நாள் முன்னால் மல்ட்டிபீம் எக்கோ சவுண்டரில், அதாவது ஒலியை விசிறிபோல் கீழே அனுப்பி எதிரொலியை வைத்து ஆழம் பார்க்கும் சோனார் கருவியில், நான் அளந்து, சுத்தம் செய்து, வண்ணம் பூசிய தரை. அவர் கையை விட்ட மூலை இளம்பச்சையில் சமதளமாக இருந்தது. பச்சை என்றால் கவலை இல்லை என்று குறிப்பும் எழுதி அனுப்பியாகிவிட்டது.

இதில் கூத்து என்னவென்றால், அவர் என் வரைபடத்தைச் சரிபார்க்க இறங்கவே இல்லை. எஃகுப் பைல்கள் துருப்பிடிக்காமல் இருக்க மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று பார்க்கப் போனவர். பிடிமானத்துக்குக் கையை நீட்டியிருக்கிறார், பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை.

பாலத்து அஸ்திவாரத்தைச் சுற்றி, மண் அரிக்காமல் இருக்கக் கொட்டிய கல் போட்ட இடத்தில் இருக்கிறதா என்று தண்ணீருக்கு மேலிருந்து பார்த்துச் சொல்வது என் வேலை. பதினைந்து வருடமாகச் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கருவியை எப்படி இயக்குவது என்று சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. கருவியும் நாமும் சேர்ந்து எங்கே ஏமாறுவோம் என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. நான் ஏமாந்த இடங்களை எழுதுகிறேன்.

முதலில் அந்த மூலை. மென்பொருளில் நாம் நீக்கிய புள்ளி நிஜமாக அழிவதில்லை, ஒளிந்துதான் இருக்கும். அன்று இரவே திரும்ப எடுத்துப் பார்த்தேன். 43 புள்ளிகள். சுற்றியிருந்த தரையைவிட ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் கீழே ஒரு கொத்தாகக் கிடந்தன. நான்தான் அவற்றை வளைத்துப் பிடித்து ஒரே சொடுக்கில் தூக்கியிருந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. செங்குத்தான கான்கிரீட் சுவர் பக்கத்தில் இருந்தால் ஒலி எப்போதும் போன வழியே திரும்பாது. தரையில் பட்டு, சுவரில் மோதி, சுற்றுவழியில் வந்து சேரும். தாமதமாக வந்தால் கருவிக்கு அது கூடுதல் தூரம். அதனால் தூணோரம் தரைக்குக் கீழே பொய்ப் புள்ளிகள் விழுவது அன்றாடச் சங்கதி. அதைத் துடைப்பதுதான் எங்கள் பிழைப்பில் பாதி.

பொய்ப் புள்ளியை மெய்யிலிருந்து பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, அன்றைக்கு நான் செய்யாதது. சுற்றுவழியில் வரும் பொய், படகு இருக்கும் இடத்தைப் பொறுத்து நகரும். படகு இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் சுற்றுவழியின் நீளம் மாறும், புள்ளியும் வேறு இடத்தில் விழும். நிஜக் குழி எங்கேயும் போகாது. ஆக, புள்ளிகளை ஆழத்தை வைத்து வண்ணமிடாமல், படகு தூணைக் கடந்துபோன எந்த ஓட்டத்தில் கிடைத்தவை என்று பிரித்து வண்ணமிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கொத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் கலந்திருந்தன. மூன்று ஓட்டம், மூன்று தூரம், அதில் ஒன்று எதிர்த்திசையில் போனது. மூன்றும் ஒரே பள்ளத்தைக் காட்டியிருந்தன.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். புள்ளிகளைத் தூக்கியதும் அங்கே ஓட்டை விழுந்தது. இடைவெளி நிரப்பும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததால் மென்பொருள் சுற்றுப்புற உயரங்களை வைத்து அதை நிரவிவிட்டது. அந்த இளம்பச்சை எங்கிருந்து வந்தது என்றால் இப்படித்தான் வந்தது. இப்போதெல்லாம் அந்த வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுகிறேன். அளவு கிடைக்காத இடம் வெள்ளையாகவே போகட்டும். பணம் கொடுப்பவருக்கு வரைபடத்தில் ஓட்டை இருந்தால் பிடிக்காது, போன் செய்து கேட்பார். கேட்டால் பதில் சொல்லலாம். பச்சையாக இருந்தால் அவர் கேட்கவே மாட்டார்.

சரி, தூணோரம் ஏன் குழி விழுகிறது? ஓடுகிற தண்ணீரின் நடுவில் தூணை நட்டால் நீர் பக்கவாட்டில் மட்டும் விலகிப் போவதில்லை. முகப்பில் மோதியதில் ஒரு பங்கு கீழ்நோக்கிப் பாயும். தரையைத் தொட்டதும் சுருண்டு, தூணின் இரு பக்கமும் குதிரை லாடம் போல வளைந்து ஓடும். மண்ணைத் தோண்டுவது அந்தச் சுழி. தூணின் முதுகுப் பக்கம் உருவாகும் வேறு சுழிகள் தோண்டிய மண்ணைத் தூக்கிக் கொண்டுபோய்விடும். கல் போடாத மணல் தரையில் குழியின் ஆழம் தூண் அகலத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடலாம். உருண்டை முகப்புள்ள தூணுக்கு, சாதாரண நீரோட்டத்தில் 2.4 மடங்கை உச்சமாக எடுத்துக்கொள்கிறது அமெரிக்கக் கணக்குமுறை. கழிமுகத்தில் இன்னும் ஒரு சிக்கல். ஏற்றத்தில் ஒரு திசை, வற்றத்தில் மறு திசை என்று ஓதம் ஓடுவதால் தூணுக்கு முகப்பு எது முதுகு எது என்றே கிடையாது. இரண்டு பக்கமும் தோண்டு வாங்கும்.

கல் போடுவது அந்தச் சுழி மண்ணைத் தொடாமல் இருக்க. கல்லின் கணக்கில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. கல் நகராமல் நிற்கத் தேவையான குறுக்களவு நீரோட்ட வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். எடை குறுக்களவின் மூன்றாம் அடுக்கோடு கூடும். எனவே வேகம் இரட்டித்தால் 64 மடங்கு எடையுள்ள கல் வேண்டும். இரட்டிப்பதெல்லாம் அபூர்வம் என்று விட்டுவிடலாம். வேகம் கால் பங்கு கூடினாலே நாலு மடங்கு எடை தேவைப்படுகிறது. பக்கத்தில் புதிதாக ஒரு தோணித்துறை வந்து நீர்வழி குறுகினால் அந்தக் கால் பங்கு கூடிவிடும். அதனால் தூணைப் பார்க்கப் போகும்போது, போன தடவைக்குப் பிறகு மேலேயும் கீழேயும் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுகிறேன்.

கல் போர்வை கெடும் விதங்களில் கண்டுபிடிக்கச் சுலபமானது கல் அடித்துக்கொண்டு போவது. கல் இருந்த இடத்தில் கல் இருக்காது, சோனாரில் வழவழப்பாகத் தெரியும், யாருக்கும் புரியும். மோசமானது இறங்கிப்போவது. கல்லுக்குக் கீழே, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியோ பொடிக்கல் அடுக்கோ சரியாகப் போடாமல் விட்டிருந்தால், கல் இடுக்குகள் வழியே அடிமண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடும். மேலே உள்ள கற்கள் ஒன்றுகூடக் குறையாது. மொத்தமாக அப்படியே அமிழும். சோனார் படத்தில் சொரசொரப்பு பிரமாதமாக இருக்கும், “கல் முழுவதும் இருக்கிறது” என்று கையெழுத்துப் போடத் தோன்றும். கல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கட்டி முடித்தபோது எடுத்த மட்டத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால்தான் இது பிடிபடும்.

மூன்றாவது, விளிம்பு. போர்வை முடியும் இடத்தில் வெறும் மண் தொடங்குகிறது. அரிப்பு அங்கிருந்து உள்நோக்கி வரும். விளிம்புக் கல் உருண்டு பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளட்டும் என்றே சில வடிவமைப்புகளில் ஓரத்தில் கூடுதலாகக் கல் வைப்பார்கள். அதனால் விளிம்பில் கல் சரிந்திருப்பதைப் பார்த்தவுடன் அலறவும் வேண்டாம், சாதாரணம் என்று கடந்துபோகவும் வேண்டாம். வடிவமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கி, சரிய வேண்டிய கல்தானா என்று பாருங்கள். போர்வையோடு அளவெடுப்பை நிறுத்திவிடாமல் வெளியேயும் நல்ல தூரம் போய்வர வேண்டும். சில சமயம் வினை தூணுக்குப் பக்கத்திலேயே இருக்காது. போர்ச்சுக்கலில் டூரோ ஆற்றின் மேல் இருந்த ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 இரவு இடிந்து 59 பேர் இறந்தார்கள். அந்த ஆற்றில் வருடக்கணக்காக மணல் அள்ளியதில் படுகையே இறங்கிப்போயிருந்தது. தூணோரம் மட்டும் அளந்தால் அப்படிப்பட்ட இறக்கம் கண்ணில் படாது. தூணோடு சேர்ந்து சுற்றுப்புறம் முழுக்க ஒரே மாதிரி இறங்கியிருக்கும்.

இனி, எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கே துல்லியமாக அளக்க வேண்டுமோ, சரியாக அங்கேதான் இந்தத் தொழிலில் ஜிபிஎஸ் செத்துப்போகும். பாலத்தின் தளம் தலைக்கு மேலே வந்ததும் செயற்கைக்கோள்கள் மறையும். ஓரத்தில் எட்டிப் பார்ப்பவையும் தூணில் பட்டுச் சிதறிய சிக்னலைத்தான் தரும், அது இல்லாமல் இருப்பதைவிட மோசம். கரை நிலையத்திலிருந்து திருத்தம் வாங்கும் ஆர்டிகே ஜிபிஎஸ்ஸின் துல்லியம் சென்டிமீட்டரிலிருந்து மீட்டருக்குத் தாவும்போது திரையில் படகு பக்கத்துத் தூணுக்குள் புகுந்து வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். அசைவை உணரும் ஐஎன்எஸ் கருவி அந்த இருட்டில் படகைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் நேரம் ஆக ஆக அதன் கணிப்பும் வழுக்கும், குறிப்பாக உயரத்தில்.

இதற்கு என் பழக்கங்கள் சில. பாலத்தடியில் நின்று நிதானிக்காமல், வெளியிலிருந்தே நேராக ஓட்டத்தைத் தொடங்கி ஒரே வேகத்தில் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்துவிடச் சொல்வேன். உள்ளே போவதற்கு முன்னும் வந்த பிறகும் ஒரு நிமிடமாவது திறந்தவெளியில் நேராக ஓட வேண்டும். அப்போதுதான் பிறகு கணக்குப் போடும்போது முன்னிருந்து ஒரு முறையும் பின்னிருந்து ஒரு முறையும் பாதையை வரைந்து நடுவில் பொருத்த முடியும். தூணை ஒட்டி நிறைய நேரம் வேலை என்றால் கரையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற கோணமும் தூரமும் அளக்கும் கருவியை வைத்து, படகில் கட்டிய பிரிசம் என்ற ஒளி திருப்பும் கண்ணாடியைத் தொடரச் செய்வதுதான் நிம்மதி. பழைய முறை, மெதுவானது, ஆனால் பாலம் மறைக்காது. சோனார் தலையை ஒரு பக்கம் முப்பது பாகை அளவுக்குச் சாய்த்துப் பொருத்தினால் பைல் கேப்பின் முகத்தையும் அதன் அடிமூலையையும் பக்கவாட்டில் பார்க்க முடியும். நேர் கீழே பார்க்கும் தலை அந்த மூலையை எட்டாது.

இதெல்லாம் சரியாக வந்ததா என்று சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம், பைல் கேப்பே போதும். எல்லா ஓட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் கான்கிரீட் விளிம்பு ஒரே கோடாக விழ வேண்டும். இரண்டு கோடாகத் தெரிந்தால் இடக்கணிப்பு தவறியிருக்கிறது. அந்த அளவு பிழை பக்கத்துக் கல்லிலும் இருக்கும், அந்த ஓட்டத்தை வைத்துக்கொண்டு கல் நகர்ந்தது நகரவில்லை என்று பேசக்கூடாது.

இந்தச் சோதனை ஒரு தடவை என் மானத்தையும் காப்பாற்றியது. இரண்டு வருட அளவுகளைக் கழித்துப் பார்த்ததில் தரை எங்கும் கிட்டத்தட்ட 40 செ.மீ. உயர்ந்திருந்தது. வண்டல் படிந்து குழிகள் தாமாக மூடிக்கொண்டன என்று கூட்டத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது பைல் கேப்பின் மேல்தளத்தைப் பார்த்தேன், அதுவும் 40 செ.மீ. உயர்ந்திருந்தது. கான்கிரீட் வளருமா? பழைய அளவு நிலத்து மட்டத்திலிருந்தும், புதிய அளவு அதைவிடத் தாழ்ந்த கடல் வரைபட ஆழமட்டத்திலிருந்தும் கணக்கிடப்பட்டிருந்தன. மாற்றிப் போட்டுக் கழித்தபோது இரண்டு தூண்களில் விளிம்பு இறங்கியிருந்தது தெரிந்தது. கூட்டத்தில் சிரித்த அதே ஆட்களிடம் போய் இதைச் சொல்வது சுலபமாக இல்லை.

கழித்துப் பார்ப்பதில் இன்னொன்று. ஒவ்வொரு அளவெடுப்பிலும் 15 செ.மீ. பிழை இருக்கலாம் என்றால், இரண்டையும் கழித்த விடையில் 21 செ.மீ. பிழை இருக்கலாம். அதற்குள் வரும் மாற்றத்துக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்துப் பயமுறுத்தாதீர்கள். சர்வதேச நீர்ப்பரப்பளவியல் அமைப்பின் எஸ்-44 தரநிர்ணயத்தில் ‘ஸ்பெஷல் ஆர்டர்’ என்பது கேட்க மிரட்டலாக இருக்கும். 20 மீட்டர் ஆழத்தில் அது 29 செ.மீ. வரை பிழையை அனுமதிக்கிறது. கப்பல் போக அது தாராளம். அரை மீட்டர்க் கல்லைத் தேடுகிறவனுக்குப் போதாது. 2020இல் வந்த ஆறாம் பதிப்பில் அதைவிடக் கறாரான ஒரு வகுப்பு சேர்த்திருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் எந்த வகுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிவேகம் பற்றிச் சுருக்கமாக. 20 பாகை வெப்பத்தில் நன்னீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1482 மீட்டர் போகும், அதே வெப்பத்தில் கடல்நீரில் சுமார் 1522. கழிமுகத்தில் மேலே ஆற்றுநீரும் கீழே உப்புநீரும் அடுக்காக ஓடும், ஓதம் திரும்பினால் அடுக்கு மாறும். காலையில் ஒரு தடவை ஒலிவேகம் எடுத்துவிட்டு நாள் முழுக்க ஓட்டினால் தட்டையான தரையும் இரு ஓரமும் வளைந்து சிரிப்பது போலவோ, முகம் சுளிப்பது போலவோ வரும். அந்த வளைவு போர்வை விளிம்பில் விழுந்தால் அரிப்பு மாதிரியே இருக்கும். மணிக்கு ஒரு தடவையாவது அளவியை இறக்குங்கள். ஓதம் திரும்பும்போது கட்டாயம். சந்தேகம் வந்தால் குறுக்கே ஒரு ஓட்டம் போங்கள். நேர்க்கீழ் அளவும் ஓரத்து அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் குற்றவாளி தரை இல்லை.

ஓரத்துப் புள்ளிகளை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை 15 மீட்டர் ஆழத்தில் நேர் கீழே 26 செ.மீ. வட்டமாக விழும். அதே கற்றை 60 பாகை சாய்ந்து போனால் தரையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுபடும். 60 செ.மீ. கல், சுமார் 300 கிலோ எடை, அதற்குள் கரைந்துபோகும். கருவியின் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அகல வீச்சைப் பார்த்து ஓட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் நேரம் மிச்சமாகும், கல் தெரியாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் தரையின் மேல்முகம் மட்டுமே கிடைக்கும் என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு வெள்ளம். வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது குழி ஆழமாகும், வடியும்போது அதே தண்ணீர் கொண்டுவரும் மணலும் சேறும் குழியை நிரப்பிவிடும். நாம் போய் அளப்பது எப்போது? படகு போகத் தோதாக, தண்ணீர் அடங்கிய பிறகு. அப்போது எல்லாம் சமதளமாகத்தான் இருக்கும். அந்த வருடமும் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனோம். தூணைச் சுற்றிப் படம் அவ்வளவு அழகாக வந்தது, கல் தெரிய வேண்டிய இடத்தில் சொரசொரப்பே இல்லை என்பதைத் தவிர.

டைவர் அண்ணனிடம் இரண்டு மீட்டர் எஃகுக் கம்பியைக் கொடுத்தனுப்பினோம். பத்து செ.மீ.க்கு ஒரு ரம்பக்கீறல் போட்டது, இருட்டில் நகத்தால் தடவி எண்ணலாம். மற்ற தூணில் குத்திய இடமெல்லாம் ஒரு கீறல், இரண்டு கீறலில் ‘டக்’கென்று கல்லில் நின்றது, அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் எங்களுக்கே கேட்டது. இந்தத் தூணில் சத்தமே இல்லை. “பதினாலு கீறல் உள்ளே போயிருச்சு தம்பி, இன்னும் அழுத்தினா இன்னும் போகும் போல.” மேலே வந்தவர் கம்பியை என்னிடம் நீட்டினார். அடியிலிருந்து முக்கால் பங்கு கம்பியில் கரிய சேறு ஒட்டியிருந்தது, முனையில் சிராய்ப்பு ஒன்றுகூட இல்லை. அந்தச் சேற்றுக்குக் கீழே கல் இருக்கலாம், இறங்கிப்போயிருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். ஆனால் அடுத்த வெள்ளத்தில் அந்தச் சேறு முதல் மணி நேரத்திலேயே போய்விடும், அஸ்திவாரத்தைத் தாங்கும் கணக்கில் அதைச் சேர்க்கவே முடியாது.

தரைக்கு அடியில் பார்க்கும் சப்-பாட்டம் கருவியை முயன்று பார்த்தோம். சேற்றில் நன்றாகத் தெரியும், கல் கலந்த இடத்தில் ஒலி சிதறிப் படம் குழம்பிவிடும். கம்பிதான் கடைசியில் கைகொடுத்தது. வெள்ளத்தின்போதே தெரிய வேண்டும் என்றால் தூணிலேயே நிரந்தரமாகச் சோனார் பொருத்தலாம். மண் இறங்க இறங்கக் குழாயின் மேல் வழுக்கி இறங்கும் காந்த வளையமும் உண்டு. அது திரும்ப மேலே ஏறாது, குழி மூடிக்கொண்டாலும் எவ்வளவு ஆழம் போனது என்ற தடயம் இருக்கும். இந்த மலிவான வளையம் எனக்குப் பிடித்த கருவி.

டைவரோடு வேலை செய்வது தனிக் கலை. ஓதம் திரும்பும்போது நீர் அசையாமல் நிற்கும் நேரம் சில இடங்களில் இருபது நிமிடம்கூட இருக்காது. நீரோட்டம் விநாடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் அவர் பிடித்துக்கொண்டு தொங்குவதிலேயே பாதித் தெம்பு போய்விடும், பார்க்க எங்கே? அதனால் அவர் இறங்குவதற்கு முன்பே கேள்விகளை முடிவு செய்து, நாலுக்கு மேல் போகாமல் வைத்திருப்பேன். கலங்கல் நீரில் கண் பயன்படாது, கைதான் கண். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். “மூலையிலிருந்து வெளியே நாலாவது முடிச்சில் கல் இருக்கா? எத்தனை சாண்?” என்று கேட்டால் அளவு கிடைக்கும். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை முனையில் குண்டு கட்டி மூலையிலிருந்து வெளியே விரித்துவிட்டால், அவர் சொல்வதை நான் வரைபடத்தில் குறிக்க முடியும். அவர் நீரில் இருக்கும்வரை படகின் எஞ்சின் அணைந்திருக்கும், சாவி என் பையில்.

பழைய காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் ரயில் பாலம் 2009 ஆகஸ்ட் 21 அன்று தூண் சரிந்து விழுந்தது. ஓட்டுநர் ஒருவர் தண்டவாளக் கரை சரிவதைக் கவனித்துச் சொன்னதால் உயிர்ச்சேதம் இல்லை. மூன்று நாள் முன்புதான் ஆய்வாளர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாலம் நின்றதே அதன் காலடியில் இருந்த கற்குவியலின் தயவில். தண்ணீர் இழுத்துப்போகும் கல்லுக்கு ஈடாக அவ்வப்போது கல் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது, பிறகு வந்தவர்களுக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. நியூயார்க்கில் ஷோஹாரி கிரீக் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்ததிலும் இதே கதைதான். 1954இல் கட்டியபோது போட்ட காவல் கல் வெள்ளங்களில் போயிருந்தது, போனதற்கு ஈடாகப் போடவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் நீருக்கடியில் உள்ள பாகங்களைக் குறைந்தது 60 மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கும் விதி வந்தது. இவற்றைப் படித்த பிறகு நான் எந்தப் பாலத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது, எங்கே, எத்தனை டன் கல் கொட்டினீர்கள் என்பதைத்தான். பதில் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அதையும் அறிக்கையில் எழுதுகிறேன்.

“நல்ல நிலையில் உள்ளது” என்ற சொற்றொடரை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். எந்தத் தேதி, எந்த ஓதநிலை, எவ்வளவு நீரோட்டம், எந்த இடம் அளக்கப்படவில்லை, எந்த இடம் ஒரே ஓட்டத்தை மட்டும் நம்பியிருக்கிறது என்று எழுதுகிறேன். படிப்பவருக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.

அந்த முதல் தூணுக்கு வருகிறேன். 43 புள்ளிகளையும் திரும்பச் சேர்த்து, டைவரின் அளவையும் போட்டு, என் முந்தைய வரைபடம் தவறு என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். திட்டு கிடைத்தது. ஆனால் பைல் கேப்புக்கு அடியில் சிமென்ட் கலவைப் பைகளை அடுக்கி இடைவெளியை மூடினார்கள், மூலையைச் சுற்றிப் பொடிக்கல் அடுக்கு, அதன் மேல் பெரிய கல். வேலை முடிந்த அன்றே ஒரு அளவு எடுத்தேன். முதல் வெள்ளம் போன பிறகு இன்னொரு முறை போனோம். அதே அண்ணன் இறங்கினார்.

“அந்த மூலையில கையை விட்டுப் பாருங்கண்ணா.”

மூச்சு. குமிழிகள். “போகலை. கல் இறுக்கமா இருக்கு.” இன்னும் இரண்டு மூச்சு. “ஆனா கயிற்றுல ஆறாவது முடிச்சுகிட்ட ஓரத்துல கல்லைக் காணோம். மூணு கல் இருக்க வேண்டிய இடம். ஒன்னரை முழம் பள்ளம்.”

லேப்டாப்பில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். பச்சை. புள்ளிகளை ஓட்டவாரியாக வண்ணமிட்டேன், ஆறாவது முடிச்சைச் சுற்றி எல்லாமே நீலம், ஒரே ஓட்டத்தின் கடைசி ஓரம். அண்ணன் மேலே ஏறியதும் படகுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, அந்த விளிம்புக்கு நேர் மேலே ஒரு ஓட்டம் போகச் சொன்னேன். நீரோட்டம் பிடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.